பதினாலாம் நம்பர் மிஷினில் காணாமல்போன பக்கங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் பேசச் சொல்லி என்னை அழைக்கும்போதெல்லாம் ஒரு வேண்டுகோளும் கூடவே வரும்: "சார், கஷ்டமான பக் ஏதாவது புடிச்ச கதையச் சொல்லுங்க." பிடித்த கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. சொன்னால் நீங்கள் கை தட்டுவீர்கள், நானும் தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். இன்று அப்படி ஒன்றைச் சொல்லப்போவதில்லை. ஒரு பக்கை, அதாவது புரோகிராமில் ஒளிந்திருக்கும் பிழையை, பிடிப்பதற்கு முன்னால் நான் ஒரு மனுஷியைப் பிடித்துக் கொடுத்தேன். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

இரண்டாயிரங்களின் முற்பாதி. புதுச்சேரியில் மிஷன் வீதிக்குப் பின்னால், உயரமான கூரையுள்ள ஒரு பழைய கட்டடம். பிரான்சில் அச்சாகும் புத்தகங்களுக்கு இங்கே கம்ப்யூட்டரில் பக்கம் கட்டிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். நாற்பது பேர், பெரும்பாலும் ஒரே ஹாலில், வேலை செய்தோம். முதலாளி பாதி வாழ்க்கையைப் பிரான்சில் கழித்துவிட்டுத் திரும்பியவர். அவரை முசியே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நான் சிஸ்டம் அட்மின்.

ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு கம்ப்யூட்டர், எங்கள் பேச்சில் மிஷின், இருக்கும், ஆனால் ஃபைல்கள் எதுவும் அதில் இருக்காது. எல்லாம் என் அறையில் இருந்த ஒரே சர்வரில். அந்த சர்வரின் டிஸ்க்கை ஒவ்வொரு மிஷினும் தன் சொந்த டிஸ்க் மாதிரியே பார்க்கும். இந்த நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம் உங்களுக்குப் பழகிப்போன சமாச்சாரம், விட்டுவிடுகிறேன். யார் எந்த ஃபைலை டெலிட் செய்தாலும் எந்த மிஷின், யாருடைய லாகின், எத்தனை மணி என்று சர்வர் லாக் என்கிற தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளும். அந்த ஏற்பாட்டைச் செய்தது நான். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

பதினாலாம் நம்பர் மிஷினில் உட்கார்ந்திருந்தவர் வசந்தி. அப்போது முப்பது வயது இருக்கும். அப்பா மில் தொழிலாளியாக இருந்தவர், மில் மூடியபின் குடும்பம் அம்மாவின் ஊரான கனகசெட்டிக்குளத்துக்குப் போய்விட்டது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண். பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் ஹாலிலேயே பிழை குறைவாக வந்தது அவருடைய பக்கங்கள்தான். மொழி தெரியாதவருக்கு அது எப்படி முடிந்தது என்றால், திருத்துவதற்கு முந்தைய பக்கத்தைத் திரையின் இடப்பக்கம் திறந்து வைத்துக்கொள்வார். திருத்திய பக்கத்தை வலப்பக்கம் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுவார். பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் வரும் குறிகளுக்கு அவர் வைத்திருந்த பெயர்கள் தொப்பி, சாய்ஞ்ச கோடு, ரெட்டைப் புள்ளி. அடியில் கொக்கி வந்தால் வால். பிரெஞ்சு தெரிந்த மற்றவர்கள் ஒரு தடவை படித்துவிட்டு, புதியதை சேவ் செய்யும் முன்பே பழைய பக்கத்தை மூடிவிடுவார்கள். தெரிந்த கண் பிழையைத் தானே திருத்திப் படித்துக்கொண்டு போய்விடும். தெரியாத கண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை.

நம் ஊர் வழக்கப்படி பன்னிரண்டரைக்கு ஹால் காலியாகிவிடும். எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, இரண்டரைக்குத் திரும்புவார்கள். கனகசெட்டிக்குளம் போய்த் திரும்ப வசந்திக்கு நேரம் போதாது. டப்பாவில் கொண்டுவந்ததைச் சாப்பிட்டுவிட்டு, ஓர் அத்தியாயம் முடிகிற நாளில் அந்த நேரத்தில்தான் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை முடிப்பார்.

அந்த வருஷம் மிஷின்கள் அடிக்கடி உறைந்து நின்றன. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பித்தால் சரியாகும் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லா மிஷினிலும் புதியதை ஏற்றினேன். திங்களன்று ஒன்றுகூட உறையவில்லை. முசியே எல்லோர் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

புதன்கிழமை வசந்தி என் அறை வாசலில் வந்து நின்றார். ஒரு சட்டப் புத்தகத்தின் அத்தியாயத்தைக் காணவில்லை என்றார். முந்தின நாள் பேக்கப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு நாள் உழைப்பு போனது; திரும்பச் செய்ததை ஒப்பிட நேரமில்லாமல் அப்படியே அனுப்பினார். அடுத்த செவ்வாய் இன்னொன்று. அதற்கடுத்த வியாழன் மூன்றாவது. மூன்றும் வசந்தியின் ஃபைல்கள். லாகைப் பார்த்தேன். மூன்றுக்கும் டெலிட் என்று வரி இருந்தது. மூன்றுமே பதினாலாம் மிஷினிலிருந்து, வசந்தியின் லாகினில், ஹாலில் வேறு யாரும் இல்லாத மத்தியான நேரத்தில்.

இந்த இடத்தில் என் புத்தி எப்படி வேலை செய்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். புது கெர்னல் காரணமாக இருக்குமோ என்று எனக்கும் தோன்றியது. தோன்றியதும் நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். புது கெர்னல் எல்லா மிஷினிலும்தானே இருக்கிறது, அப்படியானால் எல்லோருடைய ஃபைலும் அல்லவா காணாமல் போக வேண்டும், ஒருவருடையது மட்டும் போகிறதென்றால் கோளாறு அந்த ஒருவரிடம்தான் என்று முடிவு கட்டினேன். கேட்பதற்குச் சுத்தமான தர்க்கம். கை கொடுத்துப் பாராட்டு வாங்கிய வேலையில் ஓட்டை இருக்கும் என்று பார்க்க எனக்கு மனசில்லை, அதுதான் உண்மை.

மூன்றாவது ஃபைல் போன வியாழன், பிரான்சிலிருந்து மெயில் வந்தது. இன்னொரு தடவை தாமதமானால் புத்தகத்தையே வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் புத்தகம் போனால் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. முசியே முகம் சிவந்து ஹாலுக்கு வந்தார். எல்லோரும் மத்தியானச் சாப்பாடு முடித்துத் திரும்பியிருந்தார்கள். யார் அழித்தது என்று நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். என் கையில் லாகை அச்சடித்த தாள் இருந்தது.

"பதினாலாம் நம்பர் மிஷின் சார். வசந்தி" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வாய் கூசவில்லை. லாகில் இருந்தது ஒரு மிஷின் எண், ஒரு லாகின், ஒரு நேரம். மனிதர் யாரும் அதில் இல்லை. அந்த மனிதரைச் சேர்த்தது நான்.

வசந்தி எழுந்து நின்றார். "நான் அழிக்கல சார். பழைய பக்கத்த மூடுனேன். அவ்ளோதான் செஞ்சேன்" என்றார்.

தம்பி, தங்கைகளே, அந்த ஒரே வாக்கியத்தில் பக் முழுசாக இருந்தது. எங்கே தேட வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டிவிட்டார். எனக்கு அது பதறிப்போனவர் சொல்லும் சாக்காகத்தான் காதில் விழுந்தது. லாக் பொய் சொல்லாது வசந்தி என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் வேறு சொன்னேன்.

பிறகு காரணம் கண்டுபிடிக்க யாருக்கும் சிரமமாக இல்லை. முந்தின மாதம்தான் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லி அவரை இன்சார்ஜ் ஆக்காமல் வேறொருவரை ஆக்கியிருந்தார்கள். அந்தக் கோபத்தில் செய்கிறார் என்று ஹாலில் பேச்சு அடிபட்டது. மத்தியானத்தில் தனியாக உட்கார்ந்திருப்பது இதற்குத்தானா என்று ஒருவர் கேட்டார். இத்தனை வருஷமாக அதை உழைப்பு என்று புகழ்ந்தவரும் அவரே. மறுநாள் முசியே வசந்தியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கவனக்குறைவால் நானே அழித்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போலீஸ் அது இது என்று போகாமல் அனுபவச் சான்றிதழோடு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். வசந்தி கையெழுத்துப் போட்டார். சாட்சியாகக் கீழே போட்டது என் கையெழுத்து.

அவர் போனபின் எந்த ஃபைலும் காணாமல் போகவில்லை. பார்த்தீர்களா என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் வேறொரு தொல்லை தொடங்கியது. பிரான்சிலிருந்து பக்கங்கள் பிழை குறித்துத் திரும்பி வர ஆரம்பித்தன. தொப்பி இருக்க வேண்டிய இடத்தில் மொட்டை, வால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எழுத்து. வசந்தி செய்ததை ஒரு புரோகிராம் செய்யட்டும், பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் அதுவே ஒப்பிடட்டும் என்று முசியே அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். எழுதினேன். எழுதியது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு மத்தியானம் பழைய பக்கத்தை இடப்பக்கம் திறந்து வைத்து, புதியதை சேவ் செய்து, வலப்பக்கம் வைத்து நானே கண்ணால் ஒப்பிட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் பழையதை மூடினேன்.

புதிய ஃபைலைக் காணவில்லை.

லாகைத் திறந்தேன். கடைசி வரியில் என் மிஷின் எண், என் லாகின், டெலிட். நான் டெலிட் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை யாரிடமாவது சொன்னால் என்ன பதில் வரும் என்பதும் தெரியும், அந்தப் பதிலை ஹாலில் உரக்கச் சொன்னவன் நான்தானே. முதலில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஹாலில் யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். அந்த ஒரு வரியை லாகிலிருந்து எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுக்க என்னால் முடியும், எடுத்தால் யாருக்கும் தெரியாது. விரல் விசைப்பலகை வரை போய்விட்டது. அப்போதுதான் எனக்கு வசந்தியின் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. இப்படி அழிக்கக்கூடிய வசதி அவரிடம் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது வாயால் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் மட்டும்தான்.

மூடினேன் என்றுதான் அவர் சொன்னார். நானும் மூடத்தான் செய்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக அலுவலகம் போய், குப்பை ஃபைல் ஒன்றை வைத்துக்கொண்டு சோதித்தேன். பழையதைத் திறந்து வை, புதியதை சேவ் செய், பழையதை மூடு. புதியது போய்விட்டது. பத்துத் தடவை செய்தேன், பத்துத் தடவையும் போயிற்று. ஒரு மிஷினில் பழைய கெர்னலை ஏற்றிவிட்டு அதையே செய்தேன். ஒரு தடவைகூடப் போகவில்லை.

விஷயம் இதுதான். சேவ் செய்யும்போது எங்கள் புரோகிராம் பழைய ஃபைலை எடுத்துவிட்டு அதே பெயரில் புதியதை வைக்கும். பழையதை யாராவது திறந்து வைத்திருந்தால், படித்துக்கொண்டிருக்கிறார்களே என்று மிஷின் அதை உடனே அழிக்காது. வேறு பெயர் சூட்டி, கண்ணில் படாமல் ஒளித்து வைக்கும். படிப்பவர் மூடியதும், ஒளித்து வைத்ததை அழிக்கும். நல்ல ஏற்பாடு. புது கெர்னலில் யாரோ ஒரு வரியை மாற்றியதில், மூடியதும் ஒளித்த பெயரை விட்டுவிட்டுப் பழைய பெயரில் இருந்ததை அழித்துவிட்டது. அந்தப் பெயரில் அப்போது இருப்பது புதிதாகச் செய்த பக்கம். பழைய பக்கத்தை யார் கடைசிவரை திறந்து வைத்திருக்கிறாரோ அவர் பெயரில்தான் லாக் எழுதும். எங்கள் ஹாலில் அப்படித் திறந்து வைத்து வேலை செய்தவர் ஒரே ஒருவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒளித்து வைத்த அந்தப் பழைய ஃபைல் அழியாமல் சர்வரிலேயே கிடந்திருக்கும். அந்தத் தடயத்தை நான் ஏன் பார்க்கவில்லை? தினமும் சாயங்காலம் இப்படிப்பட்ட குப்பைகளைக் கூட்டித் தள்ள நானே ஒரு குட்டிப் புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். வசந்தி அழிக்கவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை நாள் தவறாமல் அழித்துக்கொண்டிருந்தவன் நான்.

அன்றைக்கே எல்லா மிஷினிலும் பழைய கெர்னலைத் திரும்ப ஏற்றினேன், பதினாலாம் நம்பரைத் தவிர. கெர்னல் எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு நீண்ட மெயில் அனுப்பினேன். இந்தப் பக் எங்களுக்குத் தெரியும், அடுத்த வெளியீட்டில் சரிசெய்துவிட்டோம், ஒரு வரித் திருத்தம்தான் என்று பதில் வந்தது.

திங்களன்று முசியேயிடம் சொன்னேன். மோசமான மனிதர் இல்லை அவர். வசந்தி எழுதிக் கொடுத்த காகிதத்தை மேசையிலிருந்து எடுத்து என் எதிரிலேயே கிழித்துப் போட்டார். வசந்தியைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடு, ஆனால் ஹாலில் ஒன்றும் சொல்ல வேண்டாம், வேலை செய்கிற பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்றார். நான் சரி என்றேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு கனகசெட்டிக்குளம் போனேன். கதவைத் திறந்தவர் வசந்தியின் அம்மா. நான் யாரென்று சொன்னதும் அவர் உள்ளே வரச் சொல்லவில்லை.

"அத்தன பேரு முன்னாடி நாக்கு மேல பல்லப் போட்டு சொன்னவரு நீங்கதானா?" என்று கேட்டார். "அடுப்ப அணைச்சமான்னு மூணு தடவ போய்ப் பாக்குறா. கதவு பூட்டிட்டு பாதித் தெருவுல இருந்து திரும்பி வரா. அவ அப்பிடி இருந்த பொண்ணா?"

வசந்தி வெளியே வந்தார். இளைத்திருந்தார். தப்பு என்னுடையது, நான் ஏற்றிய கெர்னல் அழித்தது, நீங்கள் அழிக்கவில்லை என்று வாசலில் நின்றபடியே சொன்னேன். கோபப்படுவார், அழுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் என்னிடம் வாதாட ஆரம்பித்தார்.

"இல்ல சார். லாக்ல என் பேருதான இருந்துச்சு. நான்தான் பாக்காம ஏதோ அமுக்கியிருப்பேன்."

லாக் தப்பு என்றேன். லாக் எப்படித் தப்பாகும் என்று கேட்டார். என் மனசாட்சியைச் சமாதானப்படுத்த அவர் அப்படிச் சொல்லவில்லை. உண்மையிலேயே நம்பியிருந்தார். வேலையை மட்டும் நான் பறித்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். தன் கை என்ன செய்தது என்று தனக்குத் தெரியும் என்கிற நம்பிக்கையை அல்லவா அவரிடமிருந்து எடுத்திருந்தேன்? அலுவலகத்துக்கு ஒரே ஒரு தடவை வாருங்கள், உங்கள் கையாலேயே செய்து பாருங்கள் என்று கெஞ்சினேன்.

மறுநாள் பன்னிரண்டரைக்குச் சற்று முன்னால் வந்தார். சாப்பாட்டுக்குக் கிளம்பத் தயாரான எல்லோரையும் நிற்கச் சொன்னேன். முசியே தன் அறை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அவர் பேச்சை மீறுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் குற்றத்தை ஹாலில் சொல்லிவிட்டு மன்னிப்பை மட்டும் மூடிய அறையில் கேட்க அந்த அம்மாவைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை. இதே இடத்தில் நின்று வசந்தி அழித்தார் என்று சொன்னேன், அது பொய், அழித்தது நான் ஏற்றிய கெர்னல், அவர் அன்றைக்கே உண்மையைச் சொன்னார், நான் கேட்கவில்லை என்று சொன்னேன்.

புது கெர்னலை நான் எடுக்காமல் விட்டிருந்த பதினாலாம் மிஷினில் வசந்தி உட்கார்ந்தார். பழையதைத் திறந்தார், புதியதை சேவ் செய்தார், பழையதை மூடினார். புதியது போயிருந்தது. மறுபடியும் செய்தார். மறுபடியும் போயிற்று. மூன்றாவது தடவை மூடியதும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, என்னை ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இல்லை என்றேன்.

"அப்ப நான் இல்ல" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, திரையைப் பார்த்துச் சொன்னார். பின்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

வேலையில் சேர்ந்துவிட்டார். முசியே கையெழுத்துப் போட்ட வேலை நியமனக் கடிதமும் கொடுத்தார்கள். கதை இங்கே முடிந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அந்த வாரக் கடைசியில் வசந்தி என் அறைக்கு வந்தார்.

"நான் செய்யலன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார். தமிழ்ல."

வேலைதான் கிடைத்துவிட்டதே, யாரிடம் காட்டுவதற்கு என்று கேட்டேன்.

"யாருக்கும் காட்டறதுக்கு இல்ல சார். மறுபடி எனக்கே சந்தேகம் வந்துச்சுன்னா எடுத்துப் படிக்கணும்."

கெர்னல்காரர்களுக்கு ஒரு பக்கம் எழுத எனக்கு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. இந்தத் தாளுக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று. எழுதி எழுதிக் கிழித்தேன். என்ன எழுதினாலும் நடுவில் ஒரு 'ஆனால்', ஒரு 'அந்தச் சூழ்நிலையில்' எப்படியோ நுழைந்துவிடும். கடைசியில் நின்றது மூன்று வரி. இந்த ஃபைல்களை வசந்தி அழிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. அதை விசாரிக்காமல் அவர் மேல் பழி சொன்னது என் குற்றம்.

வசந்தி மேசைக்கு எதிரே நின்றே படித்தார். தன் வழக்கப்படி எழுத்து எழுத்தாக, அவசரமில்லாமல். படித்து முடித்துவிட்டுத் தாளை மறுபடி என் பக்கம் நகர்த்தினார்.

"கீழ உங்க பேரு போடலயே சார்" என்றார்.

பேனாவை எடுத்துப் போட்டுக் கொடுத்தேன்.